தாக்கூரின் உள்ளங்கை

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் கலர் பார்க்க வருகிறார்கள். சிவப்புத் தலைப்பாகை, மஞ்சள் முக்காடு, ஒட்டகத்தின் கழுத்தில் ஆடும் குஞ்சம், இடிந்தும் இடியாத ராஜா காலத்துக் கோட்டை. மும்பையிலிருந்து வருவார்கள், வெள்ளைக்கார தேசங்களிலிருந்து வருவார்கள். இரண்டு நாள் மணலில் புரண்டுவிட்டு, என்ன சந்தோஷமான ஜனங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கண்ணுக்கு முன்னால் எதை வைக்கிறார்களோ அதைத்தானே பார்க்க முடியும். கோபமெல்லாம் வைத்தவர்கள் மேல்தான்.

என் பெயர் ஹர்கு. கேலன்சர் கோட்டை ஹோட்டலில் கம்பு ரொட்டி தட்டுகிறவள். முன்பு கோட்டை முற்றத்தில், விருந்தாளிகளுக்கு எதிரில் அடுப்பு போட்டு உட்கார்ந்து தட்டினேன். முழங்கை வரை வளையல் போட்டிருப்பேன். மாவைத் தட்டத் தட்ட அது குலுங்கும். அந்தச் சத்தத்தையே வீடியோ எடுப்பார்கள். புருஷன் செத்ததும் வளையலை உடைத்தார்கள், பழுப்பு முக்காடு போட்டார்கள். ஹோட்டல் மேனேஜர் வந்து பார்த்தான். "கெஸ்ட் கலர் பாக்க வர்றாங்கம்மா. நீ பின்னால அடுப்படிக்குப் போயிடு," என்றான். ரொட்டி அதே ரொட்டிதான். தட்டுகிற கை மட்டும் கண்ணில் படக் கூடாதாம்.

என் புருஷன் பெயர் பேமா. உயிரோடு இருந்தவரைக்கும் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்களில் சொல்ல மாட்டோம். இப்போது சொல்கிறேன், திரும்பிப் பார்க்க அவர் இல்லை.

ஹோட்டல் ஒட்டகங்களை மேய்த்து ஓட்டியது அவர்தான். போன தீபாவளி சீசனில் ஒரு மத்தியானம், மணல்மேட்டின் அடியில் குனிந்து சேணக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். மேட்டின் அந்தப் பக்கமிருந்து ஹோட்டல் ஜீப் ஹாரன் கூட அடிக்காமல் பாய்ந்து வந்தது. ஓட்டியது சின்ன தாக்கூர், எங்கள் ஊர் ஜமீன்தாரான கோட்டைக்காரரின் ஒரே மகன். கூடவே பட்டணத்துக் கூட்டாளிகள், கையில் பாட்டில். பேமா நிமிரக்கூட இல்லை. போலீஸ்காரர்கள் எழுதும்போது ஜீப்பை ஓட்டியது கூலி டிரைவர் என்று ஆகிவிட்டது. டிரைவரும் தலையாட்டினான். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

ஜீப்பை ஓட்டியவன் முகத்தைப் பார்த்த ஊர்க்காரர் ஒரே ஒருவர். வன்னி மரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த என் மாமனார் கேசாராம். பெற்ற பிள்ளை நசுங்கியதைக் கண்ணால் பார்த்தவர். ஜில்லா கோர்ட்டில் கேஸ் போட்டோம். என் வக்கீல், "ஒங்க மாமனார் வாய்தாம்மா கேஸு. அவரு வந்து 'சின்னவருதான் ஓட்டுனாரு'ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்," என்றார்.

கொன்றவன் வீட்டிலேயே ஏன் வேலை பார்த்தீர்கள் என்று கேட்பீர்கள். வேறு எங்கே போவது? மழை பெய்து வருஷங்கள் ஆகின்றன. கிணறு கோட்டையுடையது, மேய்ச்சல் நிலம் கோட்டையுடையது. ராஜா ஆட்சி போய்விட்டதுதான், ஆனால் யானை படுத்தாலும் குதிரை மட்டம். பெரிய தாக்கூர் ஜாலம்சிங் எங்களை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஊரே அதை அவருடைய பெருந்தன்மை என்றது. கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மாமனாருக்கு ஹோட்டலில் இருந்த வேலை, சாயங்காலம் அபின் சபையில் உட்காருவது. வெள்ளை மீசையும் பெரிய தலைப்பாகையுமாக அவர் பார்க்க ஜோராக இருப்பார். எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அபினை இடித்துத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, உள்ளங்கையில் ஏந்தி நீட்டுவார்கள். எதிரில் இருப்பவர் அந்தக் கையிலிருந்தே உறிஞ்சிக் குடிக்க வேண்டும். கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் உண்டு. பகைக்கும் உண்டு. பஞ்சாயத்து பார்த்திருக்க, எதிராளியின் உள்ளங்கையில் ஒருவன் குடித்துவிட்டால் பகை அதோடு முடிந்தது. அதற்கப்புறம் அதைப் பற்றி அவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அவனுக்கு ஊரில் நெருப்பில்லை, தண்ணீரில்லை. கிணற்றுத் தகராறில் வெட்டிக்கொண்டு செத்த குடும்பங்கள்கூட இப்படித்தான் அடங்கின. கோர்ட்டுக்குத் தெரியாத சட்டம், ஆனால் கோர்ட்டைவிடப் பெரியது.

ஹோட்டலில் இதைக் கூத்தாகப் போடுவார்கள். உண்மையான அபின் கொடுத்தால் போலீஸ் வரும். அதனால் வெல்லமும் டீத்தூளும் போட்டுக் கொதிக்கவைத்த பழுப்புத் தண்ணீர். டூங்கர் என்ற வேலைக்காரன் தாக்கூர் வேஷம் போட்டு உட்காருவான். அவன் கையை நீட்டுவான், மாமனார் குடிப்பார், மீசையைத் துடைத்துக்கொள்வார், விருந்தாளிகள் கை தட்டுவார்கள். தினமும் இதே.

கேஸ் போட்டதிலிருந்து பெரிய தாக்கூர் பல தடவை ஆள் அனுப்பினார், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று. மாமனார் மசியவில்லை. "என் புள்ளையோட ரத்தத்த மணல் குடிச்சிருச்சு. நான் எதையும் குடிக்க மாட்டேன்," என்று அனுப்பியவனிடம் சொன்னார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதையை அவரிடம் சொல்ல எனக்கு வழி இல்லை. மருமகள் மாமனாரோடு பேசக் கூடாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் காதில் என் குரல் விழுந்ததில்லை. சாப்பாடு தயார் என்றால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வளையலைக் குலுக்குவேன். அவர் வருவார். வளையல் போன பிறகு தட்டின் விளிம்பைக் கரண்டியால் தட்டினேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

சாட்சி சொல்லும் தேதி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், டூங்கர் அடுப்படிக்கு உரலை வாங்க வந்தான். வழக்கமாக வெல்லமும் கேட்பான். அன்றைக்குக் கேட்கவில்லை.

"வெல்லம் எடுத்து வெச்சிருக்கேன் டூங்கர்."

"இன்னிக்கு வேண்டாம் அண்ணி."

"ஏன், வெல்லத்துக்கும் பஞ்சமா?"

"பெரியவரே எல்லாம் கொண்டு வந்துட்டாரு. இன்னிக்கு நான் வேஷம் கட்டல. அவரே உட்காரப் போறாரு. யாரோ பெரிய கெஸ்டாம்." வாசலில் நின்றவன் போகாமல் மறுபடி சொன்னான். "நாலு டீ தனியாப் போடுங்க. நம்ம பஞ்சாயத்துக்காரங்களுக்கு. சக்கர தூக்கலா."

"பஞ்சாயத்துக்காரங்க எதுக்கு வந்திருக்காங்க? இந்தக் கூத்த அவங்க பாத்ததில்லையா?"

"கூப்பிட்டாங்க, வந்தாங்க. எனக்கென்ன தெரியும்."

என்னோடு ரொட்டி தட்டிக்கொண்டிருந்த இமர்தி அக்கா சும்மா இருக்க மாட்டாள். "ஒனக்குத் தெரியாதா? இந்தக் கோட்டையில பல்லி எந்தச் சந்துல முட்ட போட்டிருக்குன்னு கேட்டாலும் சொல்லுவியேடா," என்றாள்.

டூங்கர் சிரிக்கவில்லை. உரலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து உரல் கழுவ வந்தது. நான் அதை எடுத்து முகர்ந்து பார்த்தேன். என் அப்பா அபினுக்கு அடிமை. சின்ன வயதில் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அவருக்கு அபின் இடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மறு வேலை. அந்தக் கசந்த வாடை எனக்கு அத்துப்படி. உரலில் இருந்தது அதுதான்.

உண்மையான அபின். நீட்டப் போவது பெரிய தாக்கூரின் கை. பார்த்திருக்க நாலு பஞ்சாயத்துக்காரர்கள். மாமனாருக்கு இது ஒன்றும் தெரியாது. வெல்லத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடுவார்.

டீயை எடுக்க வந்த டூங்கரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இது வெல்லமில்ல."

"நான் ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லல அண்ணி."

"போய் மாமாகிட்டச் சொல்லு. காதுல ஒரு வார்த்த போதும்."

"எனக்கு மூணு பொண்ணுங்க. மூணும் இந்தக் கோட்டைக் கிணத்துத் தண்ணியத்தான் குடிக்குது."

"ஒனக்குப் பாம்பு கடிச்சப்ப அவரு ஒன்னத் தோள்ல போட்டுக்கிட்டு மணல்ல ஓடுனாரே. மறந்து போச்சா?"

"மறக்கல." தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "மறந்திருந்தா, நாலு டீ யாருக்குன்னு ஒங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டேன்." தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இமர்தி அக்காவைப் பார்த்தேன். அவள் மாவைப் பார்த்தாள். "ஆம்பளைங்க சபைடி," என்றாள், "நாம எப்படிப் போறது?"

அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடுவில் ஒரு கல் ஜன்னல் உண்டு. பூப்பூவாகத் துளை போட்ட பழைய ஜன்னல். ராணிகள் அதன் வழியாகத்தான் சபையைப் பார்ப்பார்களாம். விருந்தாளிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் அதில் முகத்தை ஒட்டிக்கொண்டேன்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. படம் நன்றாக விழ வேண்டும் என்று மாமனாரை எப்போதும் மேற்கே பார்த்து உட்காரவைப்பார்கள். சூரியன் நேராக அவர் கண்ணில் அடித்தது. பஞ்சாயத்துக்காரர்கள் சூரியனுக்கு முதுகு காட்டி, விருந்தாளிகளின் நாற்காலிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அங்கே இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. பெரிய தாக்கூர் வெள்ளைக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக நடுவில் இருந்தார். பாட்டுக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். முதலில் இரண்டு விருந்தாளிகளுக்கு வேறொரு சொம்பிலிருந்து கொடுத்தார். அவர்கள் குடித்துவிட்டுச் சிரித்தார்கள். அப்புறம் டூங்கர் சொம்பை மாற்றினான்.

என் கை தானாக வளையலைத் தேடியது. மணிக்கட்டு மொட்டையாக இருந்தது.

கரண்டியால் தாம்பாளத்தை ஓங்கித் தட்டினேன். சாப்பாட்டுக்குத் தட்டுவதுபோல் இல்லாமல் விடாமல் தட்டினேன். மாமனாருக்குப் புரிய வேண்டும், என்னவோ என்று எழுந்து வர வேண்டும். அவர் தலை கொஞ்சம் திரும்பியது. ஆனால் டோலக் வாசிக்கிறவன் என் தட்டலைக் கேட்டு அதையே தாளமாகப் பிடித்துக்கொண்டான். விருந்தாளிகள் அதற்குக் கை தட்ட ஆரம்பித்தார்கள். மாமனார் திரும்பவும் நேராக உட்கார்ந்துகொண்டார்.

பெரிய தாக்கூர் உள்ளங்கையைக் குழித்தார். டூங்கர் ஊற்றினான். தாக்கூர் எழுந்து, என் மாமனாரின் முன்னால் போய் இடுப்பை வளைத்துக் குனிந்து கையை நீட்டினார்.

நான் கத்தினேன். "குடிக்காதீங்க மாமா. அது வெல்லத் தண்ணி இல்ல. பஞ்சாயத்து உட்காந்திருக்கு."

பாட்டு நின்றது. முற்றமே ஜன்னல் பக்கம் திரும்பியது. ஒரு வெள்ளைக்காரப் பெண் போனை என் பக்கம் நீட்டிப் பிடித்தாள். மாமனாரின் முகம் செத்துப்போனது. அந்தக் குரல் யாருடையது என்று முதலில் அவருக்குத் தெரியவில்லை. அதுவரை கேட்டிருந்தால்தானே தெரியும். மாமா என்று கூப்பிட்டதும் புரிந்துகொண்டார். கையால் வெயிலை மறைத்துக்கொண்டு நாற்காலிகளுக்குப் பின்னால் பார்த்தார். நாலு பேரையும் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி எழுந்து வந்துவிடுவார்.

தாக்கூர் கையை எடுக்கவில்லை. அபின் தண்ணீர் விரலிடுக்கில் கசிந்து வெள்ளைக் கோட்டின் கைக்குள் ஓடியது. மெதுவாகத்தான் பேசினார், ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. "கேசா, ஒங்க பாட்டன் இந்தக் கோட்ட வாசலத் தாண்டும்போது செருப்பத் தலையில வெச்சுக்கிட்டுப் போனான். இன்னிக்கு நான் ஒன் முன்னால குனிஞ்சு நிக்கறேன். எவ்வளவு நேரம் நிக்கட்டும், சொல்லு."

மாமனாரின் கண் தாக்கூரின் வளைந்த முதுகிலேயே நின்றது.

பஞ்சாயத்தில் மூத்தவர் மோட்டாராம். அவர் டீயை உறிஞ்சிவிட்டுக் கேட்டார். "கேசா, ஒங்க வீட்டுல இப்ப தலப்பாகை யாரு தலையில இருக்கு? ஒன் தலையிலயா, அந்த ஜன்னலுக்குப் பின்னாலயா?"

யாரோ சிரித்தார்கள். நாலு பேரில் ஒருவன்தான்.

மாமனார் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் குனிந்து, தாக்கூரின் உள்ளங்கையில் வாயை வைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். விருந்தாளிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இவ்வளவு உணர்ச்சியாக ஒரு கூத்தை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மறுநாள் நான் என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு மோட்டாராம் வீட்டுக்குப் போனேன். முக்காட்டுக்குள்ளிருந்து மாமியாரிடம் சொல்வதுபோல் நான் சொல்ல, மாமியார் அவரிடம் சொன்னாள். "ஏமாத்திக் குடிக்க வெச்சது செல்லாதுல்ல பெரியவரே? வெல்லத் தண்ணின்னு நெனச்சுத்தான அவரு அங்க போய் உட்காந்தாரு?"

மோட்டாராம் நேர்மையான ஆள் என்று பெயர். நேர்மையாகத்தான் பதில் சொன்னார். "தெரியாமக் குடிச்சிருந்தா செல்லாதும்மா. பெரிய தாக்கூர்கிட்ட நானே சொல்லிட்டேன், கை நீட்டும்போது விஷயத்தச் சொல்லித்தான் குடுக்கணும்னு. சொன்னா ஒன் வீட்டுக்காரரு எந்திரிச்சுப் போயிருவாருன்னு தாக்கூருக்குப் பயம். சொல்லாமக் குடுத்திருந்தா நானே ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். ஆனா ஒன் மருமகதான் சொல்லிட்டாளே. சபையே கேட்டுச்சு. கேட்டுட்டு, பாத்துட்டு, தெரிஞ்சுதான குடிச்சாரு. இனி யாரு என்ன பண்ண முடியும்?"

வரும் வழியெல்லாம் மாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டு வந்தாள். "ஒன் வாய்தான்டி என் புள்ளைய ரெண்டாவது தடவ கொன்னுச்சு," என்றாள். ஊரும் அதையேதான் சொல்கிறது. சொல்லட்டும். குடிக்காதே என்று சொன்னவள் மேல் பழி, கையை நீட்டியவருக்கும் குடித்தவருக்கும் மரியாதை. இது எங்கள் ஊர் நியாயம். நான் அதை என் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் தூக்கம் வராதபோது, அந்த ஒரு நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனம் போய் நிற்கத்தான் செய்கிறது.

கோர்ட்டில் நான் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாமனார் கூண்டில் ஏறினார். ஜட்ஜ் கேட்டார், ஜீப்பை ஓட்டியது யார் என்று.

"மணல் பறந்துச்சுங்க ஐயா," என்றார். "மொகம் தெரியல."

வக்கீல் இன்னும் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் மணல்தான் பதில். வெளியே வந்ததும் கோட்டை ஆட்கள் அவரை முன்சீட்டில் உட்காரவைத்து ஊருக்கு அழைத்துப்போனார்கள். அதே ஜீப். நான் பஸ்ஸில் வந்தேன்.

அன்று சாயங்காலம் கம்பு ரொட்டியும் மிளகாய்ச் சட்னியும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கரண்டியால் தட்டவில்லை. முக்காடு நெற்றியோடு நின்றிருந்தது, இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. குரலைத்தான் கேட்டாயிற்றே, இனி முகத்தை மட்டும் எதற்கு மறைப்பது? தட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"மாமா, ஜீப்ப ஓட்டுனது யாரு?"

அவர் தட்டைப் பார்த்தார். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காலையிலும் கேட்டேன். சாயங்காலமும் கேட்டேன். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. சோறு வைக்கும்போது ஒரே ஒரு கேள்வி. பாதித் தட்டில் எழுந்து போவார், இல்லாவிட்டால் தொடவே மாட்டார். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. மாமியார் என் காலில் விழாத குறை. "பட்டினியாவே செத்துருவாருடி. விட்டுருடி," என்றாள்.

"சாகச் சொல்லலையே அத்தே. சொல்லத்தான சொல்றேன்."

ஒரு நாள் தட்டை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்திருக்கப் போனேன். அவர் ரொட்டியில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"சின்னவரு," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "சின்னவருதான் ஓட்டுனாரு. சிரிச்சுக்கிட்டே வந்தாரு. என் புள்ள நிமிரல."

ஊர்ச் சட்டப்படி அது குற்றம். வீட்டுக்குள் சொன்னதால் யாருக்கும் தெரியாது. அவர் அழுதார். அழுதுகொண்டே ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டார். நான் இன்னொரு ரொட்டி கொண்டுவந்து வைத்தேன்.

மறுவேளையும் கேட்டேன். மறுவேளையும் சொன்னார். கோர்ட்டில் கேஸ் முடிந்து கட்டி வைத்துவிட்டார்கள். கோட்டையில் சாயங்காலக் கூத்து நடக்கிறது. டூங்கர் கை நீட்டுகிறான், வேறொரு மீசைக்காரர் வெல்லத் தண்ணீர் குடிக்கிறார். எங்கள் வீட்டில் கேஸ் இன்னும் நடக்கிறது. தினம் இரண்டு வேளையும் நான் கேட்கிறேன், அவர் சாட்சி சொல்கிறார், அப்புறம்தான் சாப்பிடுகிறார்.